லட்சமாவது பெயர்

தாம்பரத்தில், இறந்தவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆபீஸ் எங்களுடையது. லட்சம் பெயர் முடிந்தால் கேக் உண்டு. அன்று ஒரு பெயர் குறைந்தது. கேக்கில் கிரீம் உருகத் தொடங்கியிருந்தது.

“யார் பேரையாவது போடும்மா, நாளைக்கு எடுத்துடலாம்” என்றார் மேனேஜர் பட்டாபிராமன்.

கேக் வாங்கி வந்த வாட்ச்மேன் தாவீது அண்ணன் பெயரைப் போட்டேன். அவரும் சிரித்தபடி கைதட்டினார்.

மறுநாள் அவர் மனைவி செல்லம்மா அழுதுகொண்டே வந்து, அவருடைய டிபன் பாக்ஸைக் கேட்டார். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாம்.

“சார், அந்தப் பேரை எடுத்துடட்டுமா?”

“எதுக்கு? இப்பதான் கரெக்டாயிடுச்சே.”

செல்லம்மா கிளம்பினார். கேட்டைத் திறந்துவிட்ட தாவீது அண்ணன், “இன்னா செல்லம்மா, சாப்ட்டியா?” என்றார்.

எங்கள் எல்லோருக்கும் கேட்டது. செல்லம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை.