வெறுஞ்சாக்கு

மலைப் பஸ் வாடிப்பட்டியில் வந்து நின்றபோது தவசி வழக்கம்போல டீக்கடை ஓரத்தில், மொபெட்டில் சாய்ந்து நின்றிருந்தார்.

கண்டக்டர் செல்வக்குமார் படியில் நின்றபடியே சாக்கை நீட்டினான்.

"அண்ணே, நாளைக்குக் கொஞ்சம் கொழுந்தாப் பார்த்து வைக்கணுமாம். கடைக்கார அக்கா சொல்லுச்சு."

தவசிக்குச் சுருக்கென்றது.

கடைக்கார அக்கா என்றால் பவதாரிணி, அவருடைய மருமகள். மகன் சூரியபிரகாஷும் அவளும் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் கேரட் விளையும், பேரிக்காய் காய்க்கும். வெற்றிலைக் கொடி மட்டும் குளிருக்கு நிற்காது. ரோடு போடுவதற்கு முன்னால், தவசியின் பூட்டன் சோழவந்தான் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையைத் தலைச்சுமையாகவே மலையேற்றினார் என்று வீட்டில் ஒரு பெருமை உண்டு. இப்போது பஸ் ஏற்றுகிறது. காலையில் ஈரச் சாக்கில் சுற்றி வெற்றிலை போகும். சாயங்காலம் சாக்கு மட்டும் திரும்பி வரும்.

பூட்டன் காலத்திலிருந்து மலைக்குப் போவது முற்றின இலைதான். குளிருக்குக் காரம் வேண்டும். கொழுந்தை அங்கே ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள்.

கொடிக்காலை எட்டிக்கூடப் பார்க்காதவள் இலைக்குக் குறை சொல்கிறாள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால், மனைவி முத்துத்தாயின் பதினாறாம் நாள் காரியத்தில் தவசி வாயை விட்டார். பந்தி நடந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், பரிமாறிக்கொண்டிருந்த பவதாரிணியைப் பார்த்து, "கல்யாணமாகி வருசம் எம்புட்டு ஆச்சு, இன்னும் வெறுங்கையோடதான வந்து நிக்கிறீங்க" என்றார்.

துக்கத்தில் சொன்னது என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

பவதாரிணி சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். அன்றைய சாயங்கால பஸ்ஸிலேயே இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் வரவில்லை. போன் போட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடும். ஊரிலும் அவர்கள் பேச்சை யாரும் அவர் காதுபட எடுப்பதில்லை. வெற்றிலையை மட்டும் தவசி நிறுத்தவில்லை, அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்கு நன்றாக உதறி, நாலாக மடித்து வரும்.

வெறுங்கை என்று சொன்ன வாய்க்கு வெறுஞ்சாக்கு. அதையும் இரண்டு கையால் வாங்கிக்கொள்வார். அந்தப் பக்கமிருந்து அவருக்கு வருவது அது ஒன்றுதான்.

இன்றைக்கு முதல் தடவையாக ஒரு பேச்சு வந்திருக்கிறது. அதுவும் குறை.

"ஏன் தம்பி, போற இலைக்கு என்ன கேடாம்?" தவசியின் குரல் உயர்ந்துவிட்டது.

"எனக்கென்னண்ணே தெரியும்? உள்ள என்னமோ வச்சுக் குடுத்துச்சு, பிரிச்சுப் பாருங்க." செல்வக்குமார் சிரித்துக்கொண்டே விசில் அடித்தான். பஸ் மதுரைப் பக்கம் கிளம்பியது.

இவனுக்குக்கூடச் சிரிப்பாகப் போய்விட்டதே என்று தவசி பஸ் போன திசையை முறைத்தார்.

சாக்கைப் பிரித்தார். செய்தித்தாளில் பொதிந்து ஒரே ஒரு வெற்றிலை. கறுத்துத் துவண்டு கிடந்தது.

அழுகல் இலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவ்வளவுதான், தீர்ந்தது. இனிமேல் சாக்கும் வராது.

தவசி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. பயம்தான் வந்தது. வீட்டுக்குப் போனால் இதைச் சொல்லிப் புலம்பக்கூட ஆள் கிடையாது.

இலையைச் சாக்கடையில் எறியக் கையை ஓங்கியவர் நிறுத்தினார்.

அழுகல் இலை விரலில் கூழாகும். இது கிழியவில்லை, வழுக்கியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

விளக்கெண்ணெய்.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் விளக்குக் கரி படிந்திருந்தது.

"பிள்ளைக்குச் சளிண்ணே, ஒரு வெத்தலை குடுங்க" என்று கொடிக்காலுக்கு வராத தாய் அவர் தெருவில் இல்லை. எண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி, இளஞ்சூட்டோடு நெஞ்சில் ஒட்டுவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முத்துத்தாய் கொழுந்தாகத் தேடித்தான் கிள்ளிக் கொடுப்பாள். முற்றின இலை பச்சைப் பிள்ளையின் தோலுக்கு எரியும்.

தவசி எழுந்து ரோட்டுக்கு ஓடினார். ஆணா பொண்ணா என்று கேட்க வேண்டும். எத்தனை மாசம் என்று கேட்க வேண்டும். பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

மறுபடியும் இலையைப் பார்த்தார். நரம்பையும் ஓரத்தையும் எடுத்துவிட்டு, கத்தரியால் சுற்றிலும் வெட்டியிருந்தாள். பிள்ளையின் நெஞ்சளவுக்கு.

அதைத் தன் உள்ளங்கையில் விரித்து வைத்தார்.

கையில் பாதிகூட இல்லை.