மெலிசான வெள்ளை

"மேல ஒரு கை வெள்ளை அடிச்சு விட்டுடு, ஹெர்மினா. உனக்குத்தான் அது கை வந்த கலையாச்சே!"

போஹுமீர் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய். சிரித்தபோது அதுவும் நடுங்கியது.

"தோழர் செயலாளர் உத்தரவு போட்டா அடிச்சிட வேண்டியதுதான்" என்றேன்.

"அந்தப் பட்டமெல்லாம் எனக்கு முன்னாடியே செத்துப்போச்சும்மா."

படம் அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தது. முழுக்க வெள்ளை. நான் வரைந்து நானே கொடுத்த படம்.

அதன் நடுவில் இப்போது சாம்பல் நிறத்தில் இரண்டு கறைகள்.

"அடுப்புப் புகைன்னு நெனச்சேன் அத்தை" என்றாள் அவர் மகள் யித்கா. "ரொட்டித் துண்டை வெச்சுத் தேய்ச்சுக்கூடப் பாத்துட்டேன். அசையவே மாட்டேங்குது."

கிட்டே போய்ப் பார்த்தேன்.

கறைகள் இல்லை. கண்கள். ஒரு கண்ணுக்கு மேல் புருவம் பாதியில் அறுந்திருந்தது. சிறுவயதில் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து விழுந்த தழும்பு.

என் தம்பி.

போஹுமீர் அப்போது ப்ருனோ நகர ஓவியர் சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மேசையில் கசகசா கேக் சாப்பிடுவார். அந்த மேசையில் கட்சித் தலைவர்களைப் பற்றி என் தம்பி அடித்த கேலியை எல்லாம் நீதிமன்றத்தில் ஒன்று விடாமல் ஒப்பித்தார். தம்பியைக் கைதியாக யுரேனியச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அவன் திரும்பி வரவில்லை.

யித்கா அப்போது பிறந்திருக்கவில்லை. பிறந்த பிறகு அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

காலம் மாறியது. உருவமில்லாத படம் வரைவது குற்றம் என்ற நிலை போனது. போஹுமீர் என் ஓவியக்கூடத்துக்கு வந்தார். "ஒரு படம் குடேன். நமக்குள்ள பகை ஒண்ணுமில்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

கொடுத்தேன்.

சங்கத்தில் எல்லோரும் என் பெரிய மனதைப் புகழ்ந்தார்கள். தம்பி மனைவி லிபுஷே என் வாசலில் துப்பிவிட்டுப் போனாள். சாகும்வரை அவள் என்னோடு பேசவில்லை. அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கோபக்காரி, எங்காவது கொட்டிவிடுவாள்.

ஓவியப் பள்ளியில் சேர்ந்த புதிதில் எல்லோரும் திட்டு வாங்குகிற தவறு ஒன்று உண்டு. அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளையை மெலிசாகப் பூசிவிடுவது. அன்றைக்கு எல்லாம் மறைந்துவிடும். வயதாக ஆக எண்ணெய் வெள்ளை தெளிந்துகொண்டே வரும். அடியில் இருப்பது ஒருநாள் மேலே வந்துவிடும்.

நான் தம்பியின் முகத்தை வரைந்தேன். கண்களுக்கு என்னிடம் இருந்ததிலேயே கறுத்த கறுப்பைப் போட்டேன். அதன் மேல் வெள்ளையை மெலிசாகப் பூசினேன்.

பிறகு வாழ்நாள் முழுக்க வெள்ளைப் படங்கள்தான். இந்த ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் தொடங்கினேன். விமர்சகர்கள் அதை மௌனம் என்று எழுதினார்கள்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. முகம் வந்து சேர்வதற்குள் போஹுமீர் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று. வசந்தம்வரை தாங்கமாட்டார் என்று காலையில் யித்கா தொலைபேசியில் அழுதிருந்தாள்.

வண்ணப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளையைத் தொடவில்லை. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் ஊற்றிப் படத்தின் மேல் தேய்த்தேன்.

எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெள்ளை நனைந்த காகிதம்போல் தெளிந்தது. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. அடுத்த கேலிக்குத் தயாராக ஒரு பக்கம் கோணிய உதடு வந்தது.

"அய்யய்யோ, உள்ள ஒரு ஆள்!" யித்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு அத்தை இது?"

நான் போஹுமீரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் டிராம் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"களையான மூஞ்சி" என்றார் கடைசியில். "யாரும்மா பையன்? உன் பழைய காதலனா?"

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை.

துணி என் கையிலேயே இருந்தது. எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது. ஒரு வாழ்க்கையைச் செலவழித்து அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய முகம். அது யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் மறந்துபோன பெயரை நான் எதற்கு நினைவூட்ட வேண்டும்?

பெட்டியை மூடினேன்.

யித்கா என் கோட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. அப்பாவுக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்ல."

"எண்ணெய் காஞ்சா கொஞ்சம் மங்கும்" என்றேன். "அப்புறம் தானா வந்துடும்."

படி இறங்கினேன். மேலே கதவு இன்னும் சாத்தப்படவில்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. இருமலும் மூச்சிரைப்புமாக, ஆனால் தெளிவாக.

"யித்கா! அந்த ஒட்டாகரைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வை!"

நின்றுவிட்டேன். என் தம்பியின் பெயர். அதை நான் சொல்லவே இல்லை.

"யாரைப்பா?" என்றாள் யித்கா.

இருமல்தான் கேட்டது.

"யாரைச் சொல்றீங்க? ஒட்டாகர் யாரு?"

படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.