அம்மா காணோமே

கைக்குழந்தைகளுக்கான திரைத் தொடரின் கடைசிப் பகுதியை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக ரோஸ்லின் பொழுதோடு வீடு வந்தாள். அந்தத் தொடரில் ஒரு முயல் கூடைக்குப் பின்னால் ஒளியும். திரை குழந்தையின் கண்ணைப் பார்த்தபடியே கதையை மாற்றிக்கொள்ளும். கண்ணில் படாவிட்டாலும் முயல் அங்கேதான் இருக்கிறது என்று நான்கே நாளில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். எந்த வீட்டிலும் யாரும் மெனக்கெட வேண்டாம்.

பாயில் மகள் மெர்லின் கிலுகிலுப்பையோடு உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் எதிரே அமர்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அம்மா காணோமே... அம்மா எங்க?" துண்டை விலக்கினாள். "தோ..."

குழந்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிலுகிலுப்பையைக் கடித்தது.

"அவளுக்கு அதெல்லாம் போன மாசமே புரிஞ்சிடுச்சு, ரோசு," என்றான் கணவன் சகாயம். "உன் முயலப் பாத்துத்தான். மொத நாள் என்னா சிரிப்பு சிரிச்சா தெரியுமா."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேனே. எழுதிட்டிருக்கேன்னு போனை வச்சுட்ட."

ரோஸ்லின் மறுபடியும் துண்டைப் போட்டுக்கொண்டாள். பிஞ்சுக் கை வந்து துண்டை இழுக்கும் என்று காத்திருந்தாள். கிலுகிலுப்பைச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்த பிள்ளை, தேடவே இல்லை.