முதலிடம்

நாற்பத்திரண்டு வீடுகளும் மொட்டைமாடி சோலார் மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்ட குடியிருப்பு அது. எந்த வீடு மின்சாரத்தைக் குறைத்து அதிகக் கார்பனை மிச்சப்படுத்தியது என்று மாதந்தோறும் கணக்கிட்டு, முதலிடம் வந்தவர் வீட்டுக்கே போய்ச் சான்றிதழ் கொடுப்பார் சங்கச் செயலாளர் கதிரேசன்.

இந்த மாதம் பதினேழாம் எண் வீட்டு ரெஜினா டீச்சருக்கு. கணவர் இறந்தபின் தனியாக இருப்பவர். சித்திரை வெயிலில் அவர் கழுத்தெல்லாம் வியர்வை. ஆனாலும் புதுப்புடவை கட்டியிருந்தார்.

காபி கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடம், மகனின் கல்யாணம், கணவரின் கடைசி வாரம். கதிரேசன் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்தார். மூன்றாம் முறை வாசல்வரை வந்தபின்தான் கேட்டார்.

"எப்படி டீச்சர் இவ்வளவு குறைச்சீங்க?"

"போன மாசமே ரெண்டாமிடம் வந்தேன் சார். ரெண்டாமிடத்துக்கு யாரும் வீட்டுக்கு வர்றதில்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதான் இந்த மாசம் ஃபேனையும் போடலை."

கதிரேசன் செருப்பில் நுழைத்த காலை அப்படியே வைத்திருந்தார்.

"அடுத்த மாசமும் நீங்கதானே வருவீங்க?" என்றார் டீச்சர்.