மழையிலும் ஓட வேண்டிய கார்

டயர் கடைக்குள் காலை வெயில் சாய்வாக விழுந்து, புது ரப்பர் வாடையைக் கிளப்புகிறது. வாசலில் மருத்துவச்சியின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், டயர் வழுக்கையாகி நிற்கிறது. "இந்த வண்டி வேகத்துக்கு இதுதாம்மா பொருத்தம்" என்று விலையுயர்ந்த பந்தய டயரைத் தட்டுகிறார் கடைக்காரர். அவள் குனிந்து அதன் ஆழமில்லாத பள்ளங்களில் விரலை ஓட்டுகிறாள். "வெயில்ல பறக்கும், சரி. மழையில?" "அப்ப கொஞ்சம் மெதுவாப் போகணும்" என்று அவர் தலையைச் சொறிகிறார். "பிரசவ வலி வானத்தப் பாத்துக்கிட்டா வருது, அண்ணே?" கேட்டுக்கொண்டே, பக்கத்து அடுக்கில் ஆழமான பள்ளங்களோடு இருக்கும் நடுத்தர விலை டயரைக் கட்டைவிரலால் அழுத்துகிறாள், ரப்பர் இதமாக அமுங்கி எழுகிறது. "வருஷம் பூரா இது தாங்கும், விலையும் எனக்குக் கட்டுப்படியாகும். நாலும் மாட்டுங்க." கடைக்காரர் சிரித்தபடி ஜாக்கியை எடுக்கிறார். மேட்டுத் தெருவில் ஒருத்திக்கு நாள் நெருங்கியிருக்கிறது. முதல் சக்கரம் கழல்வதை மருத்துவச்சி கைகட்டிப் பார்த்து நிற்கிறாள்.