வளைவில் நான்கு அடி

அறையில் இருந்தவர்கள்: நடுவர்கள் மூன்று பேர். ரத்தம் காயாத கையுறையோடு மருத்துவர். லோகுவின் அக்கா வசந்தாமணி. லோகு வண்டிக்கு மெக்கானிக்கும் அவள்தான். பிறகு, பந்தயத்தில் லோகுவுக்கு முன்னால் வண்டி ஓட்டியவன்.

லோகு இல்லை.

வண்டியை அறுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். இடது பாதம் பெடலோடு உள்ளேயே கிடந்தது.

வீடியோவை மறுபடி ஓட்டினார்கள்.

இரண்டு கார்கள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வளைவுக்குள் வருகின்றன. முன்னால் இவன். ஒரு முழம் விட்டு லோகு. இப்படி வழுக்கி ஓட்டும் டிரிப்ட் பந்தயத்தில் பின்னால் வருகிறவன் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். முன்னால் போகிறவன் நடு வளைவில் வேகத்தைக் குறைக்க மாட்டான் என்பது மட்டுமே நம்பிக்கை.

முன்வண்டி குறைந்தது.

லோகு ஒடித்தான். சுவர்.

"பிரேக் லைட் எரியல," என்றார் தலைமை நடுவர். "ஆனா ஹேண்ட் பிரேக்குக்கு லைட் எரியாது. நீங்கதான் சொல்லணும். இழுத்தீங்களா?"

இவன் ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருடம். மூன்று முறை எலும்பு முறிவு. ஆமாம் என்றால் லைசென்ஸ் போகும். இல்லை என்றால் கோப்பை, நாளைக்கு அணி ஒப்பந்தம்.

"இல்லீங்க சார். என்ஜின் ஒரு செகண்டு செத்துருச்சுங்க."

எழுதிக்கொண்டார்கள்.

வசந்தாமணி எழுந்து போனாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெயிலில் அவள் பந்தயப் பாதையில் நடந்தாள். அந்த வளைவில் குனிந்தாள். தாரைக் கையால் தடவினாள்.

சுழன்றுகொண்டே வழுக்கும் சக்கரம் ரப்பரைத் துகளாக இறைக்கும். பிரேக் பிடித்து நின்ற சக்கரம் வழவழவென்று கோடு இழுக்கும். நடுவர்கள் யாரும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

அங்கே கிடந்த வழவழக் கோட்டை அவள் காலடி வைத்து அளந்தாள். நான்கு அடி.

கோப்பை கொடுத்தார்கள். வாங்கினான். படம் எடுத்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். உள்ளங்கை கரியாக இருந்தது.

"தம்பி, லோகு வண்டியக் கொட்டாய்க்குக் கொண்டாந்துட்டோமுங்க. வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போயிருங்க."

சுற்றிலும் ஆட்கள். கேமராக்கள். இவ்வளவு பேர் முன்னால் மறுத்தால் அதுவே ஒப்புதல்.

"வர்றேனுங்க அக்கா."

தகரக் கொட்டகைக்குள் வண்டி இரண்டாகக் கிடந்தது. லோகுவுக்கு டயர் மாற்றும் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்தான். கையில் வீல் ஸ்பானர்.

"வாங்க, வாங்க. சாம்பியனுக்கு ஒரு சேரு போடுங்கடா."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் சேர் போடவில்லை.

வந்தவன் வாசல் பக்கம் திரும்பினான்.

வசந்தாமணி உள்ளே வரவில்லை. வெளியில் நின்றபடி கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு பூட்டு.