புங்கமரத்தடி வைஃபை

“மாமா, சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசன. வெள்ளிக்கெழமையானா உங்க கவியா காலேஜு விட்டும் கெளம்பறதில்ல. யாரோ பொண்ணோட லேப்டாப்ப வாங்கி வச்சிக்கினு, புங்கமரத்தடியில ஒரு ஆம்பள கூட வீடியோவுல பேசிக்கினு இருக்குது. தூரத்துலேருந்து பாத்தேன்.”

கல்லூரி கேன்டீனில் வேலை பார்க்கும் ஆதிமூலம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கவியாவின் அப்பா வேடியப்பன் அப்படியே திண்ணையில் உட்கார்ந்தார்.

ஒரு தடவை பட்டது போதாதா? மூத்தவன் இளவரசன் மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்கு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போனான். ‘இனிமே இந்த வீட்ல அவன் பேச்ச யாராவது எடுத்தா, நான் இருக்கமாட்டேன்’ என்று அன்றைக்குப் போட்ட உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. இப்போது பெண்ணுமா?

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. மத்தியானச் சோறு ஆனதும் பச்சையம்மாள் கோயில் கூடையோடு கிளம்பினாள்.

“ஏன்டி, வெள்ளிக்கெழமையானா கவியா ஏன் லேட்டு?”

“காலேஜுல என்னமோ வைஃபையாம். ஒயரே இல்லாம நெட்டு வருதாம். படிக்குது, பாவம்.” பூவைச் சரிசெய்தபடியே படியிறங்கினாள். “நேரமாவுது, வரேங்க.”

பெற்றவளுக்கே தெரியவில்லை! சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. டிவிஎஸ்ஸை எடுத்தார்.

அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் கல்லூரி வரும்வரை அதே நினைப்புதான். பங்காளிகள் வாயில் விழுந்தால்? அதுகூடப் பரவாயில்லை. இவளும் போய்விட்டால், அப்புறம் அந்த வீட்டில் யார்தான் இருப்பார்கள்?

கல்லூரிக்குள் மரத்துக்கு மரம் பிள்ளைகள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் காணோம். எல்லாரும் எங்கேயோ இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

புங்கமரத்துக்குப் பின்னால் பதுங்கினார். கவியாவின் முதுகு தெரிந்தது. லேப்டாப்பிலிருந்து கரகரவென்று ஓர் ஆண்குரல்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?”

“அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ இன்னும் கிட்ட கொண்டா” என்று சிரித்தாள் கவியா.

வேடியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். கையை ஓங்கிக்கொண்டு ஓர் எட்டு வைத்தவர், அப்படியே நின்றார்.

மரத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு வளையல் கை நீண்டு, திரையில் பொக்கை வாயோடு சிரித்த குழந்தையின் நெற்றியில் விபூதி பூசியது. கோயிலுக்குப் போன பச்சையம்மாள்!

“விபூதி வச்சது போதும்மா. ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடு, உம் பேரன் திரும்பிப் பாப்பான்” என்றது குரல். இளவரசனேதான்.

“போடா இவனே! புள்ளைக்கு உங்கப்பா பேர வச்சிட்டு என்னைக் கூப்புடச் சொன்னா, கட்டின புருஷன் பேர நான் எந்த வாயாலடா கூப்புடுவேன்?”